முப்பது வரி ரியாக்டிவ் சிஸ்டமும் 2,270 ரூபாயும்

புரோகிராமிங் பற்றி எழுதுபவர்களிடையே ஒரு வகைப் பயிற்சி ரொம்பப் பிரபலம். "ரியாக்டிவ் சிஸ்டம் ஒன்றை முப்பதே வரியில் நாமே எழுதிப் பார்ப்போம்" என்று ஆரம்பிக்கும். ஒரு எண்ணை மாற்றினால் அதைச் சார்ந்த இன்னொரு எண் தானாக மாறும். வாசிப்பவர் "அட!" என்பார். அங்கேயே பயிற்சி முடிந்துவிடும். நானும் இதை வெவ்வேறு மொழிகளில் மூன்று முறை எழுதிப் பார்த்திருக்கிறேன். மூன்று முறையும் "அட!" சொல்லியிருக்கிறேன்.

இந்தப் பயிற்சி மேல் எனக்கு ரொம்ப நாளாக ஒரு குறை உண்டு. மாற்றம் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு எப்படிப் போய்ச் சேர்கிறது என்பதை அது அழகாகக் காட்டுகிறது. ஆனால் அது சுலபமான பாதி. மாற்றம் போய்க்கொண்டிருக்கும்போது, பாதி வெந்த நிலையில் இருக்கும் ஒரு மதிப்பை யாரும் எடுத்துச் சாப்பிட்டுவிடக் கூடாது. கஷ்டமான பாதி அதுதான், ரியாக்டிவ் சிஸ்டத்தின் உண்மையான வேலையும் அதுதான். நான் பார்த்த பெரும்பாலான பயிற்சிகள் அந்த வாசலுக்கு இரண்டடி முன்னால் நின்றுவிடுகின்றன. நின்றதைச் சொல்வதும் இல்லை.

குறை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் நியாயமில்லை. முதலில் பயிற்சியைப் பார்ப்போம், பிறகு அது எங்கே உடைகிறது என்று பார்ப்போம்.

பயிற்சி என்ன சொல்கிறது

சாதாரண நிரல்மொழியில் "அ = ஆ + இ" என்று எழுதினால், அந்த நொடியில் ஆ, இ இரண்டையும் கூட்டி அ-வில் போட்டுவிட்டு மறந்துவிடும். பிறகு ஆ மாறினாலும் அ மாறாது. எக்செல்லில் இதே சூத்திரத்தை ஒரு செல்லில் எழுதினால் கதை வேறு. அங்கே அது ஒரு நிரந்தர உறவு. ஆ மாறும்போதெல்லாம் அ-வும் மாறியாக வேண்டும். இந்த எக்செல் குணத்தைச் சாதாரண நிரலுக்குள் கொண்டுவருவதுதான் ரியாக்டிவ் புரோகிராமிங்.

எல்லோருக்கும் தெரிந்த ஜிஎஸ்டி பில்லையே உதாரணமாக வைத்துக்கொள்கிறேன். 18 சதவீத வரி உள்ள பொருள். ஒரே மாநிலத்துக்குள் விற்றால் வரி சரிபாதியாகப் பிரியும்: மத்திய வரி 9, மாநில வரி 9. நிரலைத் தமிழிலேயே எழுதுகிறேன், எந்த மொழியிலும் இதைப் போட்டுப் பார்க்கலாம்.

தொகை = மூலம்(1000)
மத்திய வரி = கணக்கு(தொகை × 9 ÷ 100)
மாநில வரி = கணக்கு(தொகை × 9 ÷ 100)
மொத்தம் = கணக்கு(தொகை + மத்திய வரி + மாநில வரி)
விளைவு(மொத்தத்தை எழுது)

மூன்றே வகை ஆட்கள். மூலம் என்பது நாம் வெளியிலிருந்து மாற்றும் மதிப்பு. கணக்கு என்பது மற்றவற்றிலிருந்து வருவது. விளைவு என்பது வெளியுலகத்தில் ஏதாவது செய்வது: திரையில் காட்டுவது, கோப்பில் எழுதுவது, சர்வருக்கு அனுப்புவது.

முப்பது வரியின் சூட்சுமம் இதுதான். "இப்போது ஓடிக்கொண்டிருப்பது யார்" என்று ஒரு பொது வேரியபிள் இருக்கும். மத்திய வரியின் கணக்கு ஓடத் தொடங்கும்போது தன் பெயரை அதில் போட்டுக்கொள்ளும். ஓடும்போது தொகையைப் படிக்கும். தொகை உடனே அந்தப் பொது வேரியபிளைப் பார்த்து, "ஓ, மத்திய வரி என்னைப் படிக்கிறதா" என்று தன் பட்டியலில் குறித்துக்கொள்ளும். நூலகத்தில் யார் வந்து படித்தாலும் வாசலில் உள்ள நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்பது மாதிரி. பிறகு தொகை மாறும்போது, நோட்டில் உள்ள ஒவ்வொருவரையும் வரிசையாகக் கூப்பிட்டு "திரும்ப ஓடு" என்று சொல்லும். கணக்கு என்பதும் தனியாக ஒன்றுமில்லை, உள்ளே ஒரு மூலம், அதை நிரப்பிக்கொண்டே இருக்கும் ஒரு விளைவு. அவ்வளவுதான், வேலை முடிஞ்சுது.

இதில் நிஜமாகவே ஒரு அழகு இருக்கிறது, அதை மறுக்க மாட்டேன். யார் யாரைச் சார்ந்தவர் என்று நாம் எங்கேயும் எழுதித் தரவில்லை. படித்ததே சாட்சி. 2010-இல் ஸ்டீவ் சாண்டர்சன் வெளியிட்ட நாக்அவுட் இந்த வழியைப் பிரவுசருக்குள் பலருக்கு அறிமுகப்படுத்தியது. பிறகு வந்த வ்யூ, மாப்எக்ஸ், சாலிட் எல்லாவற்றிலும் இதே எண்ணம் இருக்கிறது. 2023-இல் ஆங்குலரும் தன் 16-ஆம் பதிப்பில் சிக்னல்களைக் கொண்டுவந்தது. இவ்வளவு பேர் நம்பி நிற்கும் ஒரு கருத்தை முப்பது வரியில் கையில் கொடுப்பது நல்ல காரியம்தான்.

2,270 எங்கிருந்து வந்தது

இப்போது மேலே உள்ள பில்லில் தொகையை 1,000-இலிருந்து 2,000 ஆக்குவோம். முன்பு மொத்தம் 1,180. இப்போது 2,360 வர வேண்டும். முப்பது வரி சிஸ்டத்தில் என்ன நடக்கிறது என்று ஒவ்வொரு அடியாகப் பாருங்கள்.

தொகையின் நோட்டில் மூன்று கையெழுத்துகள், இந்த வரிசையில்: மத்திய வரி, மாநில வரி, மொத்தம். தொகை முதலில் மத்திய வரியைக் கூப்பிடுகிறது. அது 180 ஆகிறது. ஆனவுடனே தன் நோட்டைப் பார்த்து மொத்தத்தைக் கூப்பிடுகிறது. மொத்தம் ஓடுகிறது: தொகை 2,000, மத்திய வரி 180, மாநில வரி... இன்னும் பழைய 90. கூட்டினால் 2,270. விளைவு அதை எழுதிவிடுகிறது. பிறகு மாநில வரியின் முறை வருகிறது, 180 ஆகிறது, மொத்தத்தைக் கூப்பிடுகிறது, 2,360. கடைசியாகத் தொகை நேரடியாக மொத்தத்தைக் கூப்பிடுகிறது, மறுபடி 2,360.

ஆக ஒரு மாற்றத்துக்கு மூன்று முறை எழுதியாகிவிட்டது: 2,270, 2,360, 2,360. மூன்றாவது வெறும் வீண் வேலை. "மதிப்பு மாறவில்லை என்றால் சொல்லாதே" என்று ஒரு வரி சேர்த்தால் அது போய்விடும். முதலாவது பொய். மத்திய வரி 180, மாநில வரி 90 என்று ஒரு பில் நம் உலகத்தில் இருக்கவே முடியாது. இரண்டும் எப்போதும் சமம் என்பது சட்டம், நாம் எழுதிய சூத்திரமும் அதையேதான் சொல்கிறது. சூத்திரம் சரி, தரவு சரி, ஆனாலும் நாம் எழுதாத ஒரு பில்லை சிஸ்டம் தயாரித்துவிட்டது.

இந்த வடிவத்துக்கு வைரம் என்று பெயர். ஒரு மூலத்திலிருந்து இரண்டு கை பிரிந்து மறுபடி ஓரிடத்தில் சேரும். இப்படி வைரங்களை ஒன்றின் கீழ் ஒன்றாக அடுக்கினால் இன்னொரு கூத்தும் நடக்கும். ஒவ்வொரு சேருமிடமும் மேலே உள்ளதைப் போல இரண்டு மடங்கு முறை ஓடும். 10 அடுக்கு என்றால் கடைசிக் கணக்கு 1,024 முறை. 20 அடுக்கு என்றால் 10,48,576 முறை. ஒரே ஒரு எண்ணை மாற்றியதற்கு!

சரி, இவ்வளவு பெரிய ஓட்டையைப் பயிற்சி எழுதுபவர்கள் ஏன் கவனிப்பதில்லை? அவர்களை முட்டாள் என்று நான் நினைக்கவில்லை. காரணம் பிரவுசர். ஒரு நிரல் ஓடி முடியும் வரை பிரவுசர் திரையைத் திரும்ப வரையாது. 2,270 என்று பக்கத்தில் எழுதி, அடுத்த கணமே 2,360 என்று மாற்றி எழுதினால், கடைசியில் இருப்பதை மட்டும்தான் வரையும். பொய் எழுதப்பட்டு அழிக்கப்பட்டதைக் கண் பார்ப்பதே இல்லை. டெமோ கச்சிதமாக இருக்கும். பிழையைக் காட்ட வேண்டிய இடமே பிழையை மூடி வைக்கிறது.

விளைவு திரைக்குப் பதிலாக வேறெங்காவது எழுதினால்தான் வண்டவாளம் தெரியும். எனக்கு அப்படித்தான் தெரிந்தது.

முன்பு ஓரிடத்தில் பில் போடும் மென்பொருள் ஒன்றில் வேலை பார்த்தேன். அதில் ஒவ்வொரு மாற்றத்தையும் ஒரு பதிவேட்டில் சேர்க்க வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். எனக்குத் தெரிந்த முப்பது வரியைப் போட்டு, பதிவேட்டில் எழுதுவதை ஒரு விளைவாக வைத்தேன். திரையில் எல்லாம் சரியாக இருந்தது. சில மாதம் கழித்துக் கணக்குச் சரிபார்க்க வந்தவர் பதிவேட்டைக் காட்டி, "இந்தத் தொகை எந்த பில்லோடதுங்க?" என்று கேட்டார். எந்த பில்லிலும் அந்தத் தொகை இல்லை. ஒன்றிரண்டு இல்லை, பக்கம் பக்கமாக அப்படி இருந்தது. யாரோ பில்லைத் திருத்திவிட்டு மறைத்த மாதிரியே தோற்றம். கல்லாவில் உட்காரும் பையனைத்தான் முதலில் சந்தேகப்பட்டார்கள். அது என் நிரலின் தப்பு என்று கண்டுபிடித்து, புரியும்படி எழுதிக் கொடுக்க எனக்கு இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளும் அந்தப் பையன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பிழை முழுக்க என்னுடையது. பயிற்சியை எழுதியவர் "இதைக் கொண்டுபோய் கணக்குப் பதிவேட்டில் போடு" என்று சொல்லவில்லை. ஆனால் "இதை அங்கே போடாதே, ஏனென்றால்..." என்றும் சொல்லவில்லை.

இது புதுப் பிரச்சனையா?

இல்லவே இல்லை. இதனால்தான் குறை இன்னும் கூடுகிறது.

1979-இல் டான் பிரிக்ளினும் பாப் ஃப்ராங்க்ஸ்டனும் கொண்டுவந்த விசிகால்க் ஸ்ப்ரெட்ஷீட், செல்களை வரிசை வரிசையாகவோ பத்தி பத்தியாகவோ கணக்கிட்டுக்கொண்டே போகும். ஒரு செல் தனக்குப் பின்னால் வரும் செல்லைச் சார்ந்திருந்தால் பழைய மதிப்பையே எடுத்துக்கொள்ளும். பயனர் திரும்பக் கணக்கிடச் சொல்லும் விசையை இன்னொரு முறை அழுத்த வேண்டும். நம்முடைய 2,270-இன் தாத்தா இது. 1983-இல் வந்த லோட்டஸ் 1-2-3, செல் எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் யார் யாரைச் சார்ந்தது என்று பார்த்து அந்த வரிசையில் கணக்கிட்டது. அதற்கும் முன்பே, 1969-இல், ரெனே பார்டோவும் ரெமி லாண்டாவும் லான்பார் என்ற மொழியில் இதைச் செய்துவிட்டார்கள்.

சார்புகளை வரிசைப்படுத்தும் முறையை ஆர்தர் கான் 1962-இலேயே எழுதிவிட்டார். 1976-இல் பெல் லேப்ஸில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதிய மேக் கருவி, எந்தக் கோப்பு எதைச் சார்ந்தது என்று பார்த்து, தேவையானதை மட்டும் சரியான வரிசையில் திரும்பக் கட்டுகிறது. அதுவும் இதே வேலைதான்.

மின்சுற்று படித்தவர்களுக்கு இது இன்னும் பழைய கதை. ஒரே சிக்னல் இரண்டு பாதையில் போய் ஒரு கேட்டில் சேரும்போது, ஒரு பாதை சற்றே மெதுவாக இருந்தால் வெளியீட்டில் ஒரு கணம் தப்பான மதிப்பு மின்னி மறையும். கிளிட்ச் என்பார்கள். ரியாக்டிவ் உலகம் அந்தப் பெயரையே எடுத்துக்கொண்டது. மின்சுற்றுக்காரர்கள் கண்ட வழி கடிகாரத் துடிப்பு: எல்லாம் அடங்கும் வரை வெளியீட்டை யாரும் பார்க்காதே, துடிப்பு வந்ததும் பார். 1980-களில் பிரான்ஸில் உருவான எஸ்தரெல், லுஸ்த்ர் போன்ற மொழிகள் இதே எண்ணத்தை நிரலுக்குள் கொண்டுவந்தன.

கவனித்தீர்களா? எல்லோருமே "எப்படி அனுப்புவது" என்பதைவிட "எப்போது பார்க்கலாம்" என்பதைத்தான் தீர்த்திருக்கிறார்கள்.

சரியாகச் செய்வது எப்படி

சிலர் உடனே, "விளைவுகளை மட்டும் கடைசிக்குத் தள்ளிப்போட்டால் போதுமே" என்பார்கள். பாதி சரி. பதிவேட்டில் 2,270 விழாது. ஆனால் நடுவில் உள்ள கணக்குகள் இன்னும் தப்பான கலவையோடு ஓடத்தான் செய்யும். ஒரு பட்டியல் இருக்கிறது, அதன் நீளத்துக்குள் அடங்கும்படி ஒரு வரிசை எண் இருக்கிறது, மூன்றாவதாக "அந்த வரிசையில் உள்ள பொருளின் விலை" இருக்கிறது என்று வையுங்கள். பட்டியல் சுருங்கியவுடன் மூன்றாவது கணக்கு முந்திக்கொண்டு ஓடினால், புதுப் பட்டியலில் பழைய எண்ணைத் தேடும். அங்கே பொருளே இருக்காது. நிரல் அங்கேயே விழுந்துவிடும். விளைவு வரைக்கும் போகவே வேண்டாம்.

கணக்குகளையும் சேர்த்துத் தள்ளிப்போட்டால்? அப்போது தொகையை 2,000 ஆக்கிவிட்டு அடுத்த வரியிலேயே மொத்தத்தைப் படித்தால் 1,180 கிடைக்கும். அதுவும் சரியில்லை.

சார்பு வரிசைப்படி ஓட்டினால் என்ன என்று அடுத்த கேள்வி. அதில் ஒரு சிக்கல்: சார்புகளே ஓடும்போது மாறும். வாடிக்கையாளர் வெளிமாநிலத்தவர் என்றால் மத்திய, மாநில வரிகள் கிடையாது, ஒருங்கிணைந்த வரி 18 சதவீதம். அதாவது,

மொத்தம் = கணக்கு(வெளிமாநிலம் எனில் தொகை + ஒருங்கிணைந்த வரி, இல்லையெனில் தொகை + மத்திய வரி + மாநில வரி)

வெளிமாநிலம் என்ற மூலம் மாறியவுடன் மொத்தம் யாரைச் சார்ந்தது என்பதே மாறிவிடும். முன்கூட்டி வரிசைப்படுத்தி வைத்ததெல்லாம் வீண். வரிசையை ஓட ஓடத் திருத்தும் வழிகளும் உண்டு, ஆனால் நிரல் கனமாகிவிடும்.

எனக்குப் பிடித்த வழி, இப்போது பல நூலகங்கள் ஏதோ ஒரு வடிவில் பின்பற்றும் வழி, இரண்டு கட்டமாகச் செய்வது.

முதல் கட்டத்தில் மாற்றத்தை அனுப்பாதே, செய்தியை மட்டும் அனுப்பு. தொகை மாறியதும் எந்தக் கணக்கையும் ஓட்டுவதில்லை. அதை நேரடியாகப் படித்தவர்கள் மேல் "கெட்டுப்போச்சு" என்று ஒரு குறி. அவர்களைப் படித்தவர்கள் மேல் "சந்தேகம்" என்று ஒரு குறி. குறி விளைவு வரை போய்ச் சேரும். இந்தக் கட்டம் முழுதும் முடிந்த பிறகுதான் அடுத்தது.

இரண்டாம் கட்டத்தில் கேட்டால் மட்டும் கணக்கிடு. விளைவு மொத்தத்தைக் கேட்கும். மொத்தம் தன் மேல் குறி இருப்பதைப் பார்த்துத் தன் சூத்திரத்தை ஓட்டும். அது மத்திய வரியைக் கேட்கும்போது, அதன் மேலும் குறி இருப்பதால் அது முதலில் தன்னைச் சரிசெய்துகொண்டு 180 தரும். மாநில வரியும் அப்படியே. மொத்தம் ஒரே முறை ஓடும், 2,360 ஒரே முறை எழுதப்படும். குறி வைக்கும் வேலை முடிந்த பிறகே யாரும் கணக்கிடுவதால், பழைய 90-ஐ யாரும் புதுசு என்று நம்பி எடுக்க வழியே இல்லை. நிரலின் நடுவில் யாராவது மொத்தத்தைப் படித்தாலும் சரியான பதில்தான் கிடைக்கும்.

"சந்தேகம்" என்ற குறிக்கு ஒரு தனிப் பயன் உண்டு. சந்தேகத்தில் இருப்பவர் உடனே ஓட மாட்டார். தான் படித்தவர்களை ஒவ்வொருவராக "நிஜமாவே மாறிட்டியா?" என்று கேட்பார். யாருமே மாறவில்லை என்றால் குறியை அழித்துவிட்டுச் சும்மா இருப்பார். உதாரணமாக, மொத்தத்தை முழு ரூபாயாக்கும் ஒரு கணக்கு நடுவில் இருந்தால், பைசா மட்டும் மாறும் மாற்றங்கள் அதைத் தாண்டாது.

அப்படிக் கேட்கும்போது, முன்பு படித்த அதே வரிசையில்தான் கேட்க வேண்டும். "எண்ணிக்கை பூஜ்யம் இல்லையென்றால் மட்டும் சராசரியை எடு" என்று ஒரு கணக்கு இருக்கிறது. எண்ணிக்கை இப்போது பூஜ்யமாகிவிட்டது. முதலில் எண்ணிக்கையைக் கேட்டால், அது மாறியது தெரிந்தவுடன் சூத்திரத்தைத் திரும்ப ஓட்டுவோம், சராசரியைத் தொடவே மாட்டோம். மாற்றிச் சராசரியை முதலில் கேட்டால் பூஜ்யத்தால் வகுத்துவிட்டு நிற்போம். இந்த ஒரு இடம் எனக்குப் புரிய ஒரு முழு மாலை ஆனது. அந்த மாலையில் கற்றது, முதல் மூன்று முறை முப்பது வரி எழுதியதில் கற்றதைவிட அதிகம்.

அழிக்கப்படாத கையெழுத்து

இன்னொரு குறையையும் சொல்லிவிடுகிறேன். வாசல் நோட்டில் கையெழுத்துப் போடுவதைச் சொல்லித் தரும் பயிற்சிகளில் பல, கையெழுத்தை அழிப்பதைச் சொல்லித் தருவதில்லை.

மேலே சொன்ன வெளிமாநில பில்லையே எடுங்கள். மொத்தம் இப்போது ஒருங்கிணைந்த வரியைத்தான் படிக்கிறது. ஆனால் மாநில வரியின் நோட்டில் அதன் பழைய கையெழுத்து அப்படியே இருக்கிறது. மாநில வரி மாறும்போதெல்லாம் சம்பந்தமே இல்லாமல் மொத்தம் ஓடும். ஒவ்வொரு முறை ஓடுவதற்கு முன்பும் பழைய கையெழுத்துகளை அழித்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும்.

அதைவிட மோசம், திரையை மூடிய பிறகு நடப்பது. பில் திரையைத் திறந்தால் ஒரு விளைவு பிறக்கிறது. மூடினால் திரை போய்விடும், விளைவு போகாது. மூலத்தின் நோட்டில் அதன் பெயர் இருக்கும் வரை மெமரி அதை விடாது. 50 முறை திறந்து மூடினால் 50 விளைவுகள் உயிரோடு இருக்கும். ஒரு மாற்றத்துக்கு 50 பேரும் எழுந்து ஓடுவார்கள். பிறப்பைச் சொல்லித் தரும் பயிற்சி இறப்பையும் சொல்லித் தர வேண்டாமா?

"பயிற்சிதானே, எளிமையா இருக்கட்டுமே"

இந்தப் பதில் வரும் என்று தெரியும். நியாயமும் இருக்கிறது. முதல் நாளே மூன்று குறி, இரண்டு கட்டம் என்று ஆரம்பித்தால் யாரும் இரண்டாம் பத்தியைத் தாண்ட மாட்டார்கள்.

ஆனால் எளிமை வேறு, தப்பு வேறு. எண்களை வரிசைப்படுத்தும் பயிற்சி ஒன்று, இரண்டு எண்ணுக்குச் சரியாகவும் மூன்று எண்ணுக்குத் தப்பாகவும் வேலை செய்தால் அதை எளிமை என்று சொல்வோமா? மெதுவாக வேலை செய்யட்டும், மெமரி நிறைய எடுக்கட்டும், அது பயிற்சிக்குப் பொருந்தும். பதில் தப்பாக வரக் கூடாது. குறைந்தபட்சம், எங்கே தப்பாக வரும் என்று ஒரு வரி எழுதியிருக்க வேண்டும்.

என்னைக் கேட்டால், இந்தப் பயிற்சியை நிரலிலிருந்து ஆரம்பிக்கவே கூடாது, சோதனைகளிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். நான்காவது முறை எழுதியபோது நான் முதலில் எழுதியது ஐந்து சோதனைகள்.

1. ஜிஎஸ்டி பில்லில் தொகையை மாற்றினால் மொத்தம் ஒரே முறை ஓட வேண்டும். 2,270 எங்கேயும் வரக் கூடாது.
2. வெளிமாநிலம் என்று மாற்றிய பிறகு மாநில வரி மாறினால் மொத்தம் ஓடக் கூடாது.
3. நடுவில் உள்ள மதிப்பு மாறாவிட்டால் அதற்குக் கீழே யாரும் ஓடக் கூடாது.
4. விளைவை நிறுத்திய பிறகு எந்த மாற்றமும் அதை எழுப்பக் கூடாது.
5. ஒரு கணக்கு சுற்றி வந்து தன்னையே படித்தால், ஸ்டாக் நிரம்பி விழாமல் "வட்டச் சார்பு" என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். எக்செல்கூட இதைச் சொல்கிறது.

பிறகு அந்த முப்பது வரியையே எழுதட்டும், தப்பில்லை. ஐந்து சோதனைகளும் சிவப்பாக நிற்கும். ஒவ்வொன்றாகப் பச்சையாக்கிக்கொண்டே போனால் சிஸ்டம் தானாக வளரும். என்னுடையது 140 வரிக்கு வந்து நின்றது. ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு அது அதிகமில்லை. ஒவ்வொரு வரியும் ஏன் இருக்கிறது என்று இப்போது என்னால் சொல்ல முடியும்.

ஜாவாஸ்கிரிப்ட் மொழிக்குள்ளேயே சிக்னல்களைச் சேர்க்கலாம் என்று 2024-இல் டிசி39 குழு முன் ஒரு முன்மொழிவு வந்தது. அதில் மூலத்துக்கு இடம் இருக்கிறது, கணக்குக்கு இடம் இருக்கிறது. நேரடியாக விளைவு என்று ஒன்று இல்லை. "ஏதோ மாறியிருக்கலாம்" என்று தட்டி எழுப்பும் ஒரு காவலாள் மட்டும்தான் உண்டு. எப்போது போய்ப் பார்ப்பது என்பதை அந்தந்த நூலகங்களின் பொறுப்புக்கே விட்டிருக்கிறார்கள். எப்போது பார்க்கலாம் என்பது ஒரே விடைக்குள் அடங்காத கேள்வி என்று இதைச் செய்து பழகியவர்கள் சொல்வதாகத்தான் நான் அதை எடுத்துக்கொள்கிறேன். முப்பது வரிப் பயிற்சியோ அந்தக் கேள்வியைக் கேட்காமலே, "உடனே பார்" என்று பதில் சொல்லிவிடுகிறது.

இப்போதெல்லாம் இந்த மாதிரிப் பயிற்சி எதைப் பார்த்தாலும் முதலில் அந்த இரண்டு வரி பில்லை அதில் போட்டுப் பார்க்கிறேன். திரையில் இல்லை, வெறும் கோப்பில் எழுதும் விளைவை வைத்து. நீங்களும் எழுதி வைத்திருந்தால் போட்டுப் பாருங்கள். 1,180-க்கு அடுத்த வரியில் 2,360 வந்தால் நல்லது. நடுவில் 2,270 வந்தால், பயிற்சி இன்னும் முடியவில்லை என்று அர்த்தம். அங்கிருந்து மேலே எழுதுங்கள், சுவாரசியமான பகுதி அங்கேதான் ஆரம்பிக்கிறது.